உள்ளே புதுசு மாதிரி

அமெரிக்கப் போலீஸ் துறைகள் பழைய கைத்துப்பாக்கிகளை வியாபாரியிடம் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்வது வழக்கம். 1990-இல் வந்த .40 குண்டுதான் இனி எல்லாம் என்று ஊர் ஊராக அதைச் சுடும் க்ளாக் 22 துப்பாக்கிகளை வாங்கிக் குவித்தார்கள். பிறகு எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ. குண்டுக்கே திரும்பியது, பின்னாலேயே மற்றவர்களும். இப்போது அந்தப் பழைய க்ளாக்குகள் சகாய விலையில் கிடைக்கின்றன.

கடைக்காரர் சொல்வார்: “வெளியேதான் தேய்மானம், உள்ளே புதுசு மாதிரி.” பொய்யில்லை. பெரும்பாலும் தகுதித் தேர்வுக்குச் சுட்டதோடு சரி. மற்ற நாளெல்லாம் உறையில் உரசியதும் கார் சீட்டில் இடிபட்டதும்தான். போலீசைப் பற்றி இத்தனை ஆறுதலான சேதியை எந்த அறிக்கையும் சொன்னதில்லை. துப்பாக்கியின் மேல் இருட்டில் ஒளிரும் குறிபார்க்கும் புள்ளிகளில் இருப்பது டிரிடியம். சுமார் 12 ஆண்டில் அது பாதியாகிவிடும். மீதி வெளிச்சம் வாங்குபவரின் நம்பிக்கை.

சிக்கல் வேறு. இது ஊர் பார்க்க இடுப்பில் தொங்கச் செய்த சாமான். குண்டு நிரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். வாங்கியவர் இதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நடமாடத் தடித்த பெல்ட், ஒரு சைஸ் பெரிய பேன்ட், மேலே ஒரு கோட்டு. மிச்சம் பிடித்த டாலர் அங்கேயே தீர்ந்தது. டெக்சஸின் ஜூலை வெயிலில் கோட்டு மாட்டி வியர்த்து நடப்பவரிடம் என்ன இருக்கிறதென்று தெருவுக்கே தெரியும்.