கை சுடாத ரேடியேட்டர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் மாட்டினால் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. பழைய பழக்கத்தைக் கழற்றத்தான் மானியம் இல்லை.

ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால், வெளிக்காற்றிலிருந்தும் உறிஞ்சிச் சேர்த்து, மூன்று யூனிட் வெப்பமாகத் திருப்பித் தரக்கூடிய இயந்திரம் ஹீட் பம்ப். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 35, 40 டிகிரியில் வைத்து, நாள் முழுக்க நிதானமாக ஓடவிட்டால் போதும். வீட்டுக்காரரோ ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறார். கை சுடவில்லை. அறை இதமாக இருக்கிறதே என்றால், அது வேறு விஷயமாம்.

பொருத்த வருபவர் விவரமானவர். 55 டிகிரியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். குளிருகிறது என்றால் போன் அவருக்கு வரும். கரண்டு பில் எகிறினால் மின்சாரக் கம்பெனிக்குப் போகும்!

வெளிக்குளிர் குறையும்போது தண்ணீரின் சூட்டைத் தானாகக் குறைக்கும் வசதி பெரும்பாலான பம்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கிடையாது, அதனால் அதை விற்கவும் ஆள் கிடையாது. கடையில் கிடைப்பது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். அதை வாங்கி மாட்டி, பம்பை அணைத்து அணைத்துப் போட்டு, எவ்வளவு மிச்சம் என்று மொபைலில் வரைபடம் பார்க்கிறார்கள்.