விசில் வராத கறி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் குன்றத்தூர் ரோட்டுக் கறிக்கடையில் வரிசையில் நின்று, பாயிடம் கெஞ்சி நல்ல தொடைக்கறியாக வாங்கிவந்து, "எத்தனை மணிக்குச் சாப்பாடு?" என்று கேட்டால், "நாளைக்கு ராத்திரி" என்று பதில் வருகிறது. சொன்னவன் என் மகன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு சூ வீட் என்ற வெந்நீர்ச் சமையல் பிடித்திருக்கிறது. பேய் பிடிப்பது போலத்தான். அதற்கான கருவி, நியூ ஜெர்சியிலிருந்து வந்த அத்தை கொடுத்துவிட்டுப் போனது. ஒரு முழ நீளம். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் மாட்டிவிட்டால், தண்ணீரைச் சுற்றிவிட்டுக்கொண்டே, சொன்ன டிகிரியில் பிசகாமல் நிறுத்திவைக்கும். கறியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை எடுத்துவிட்டு அதில் அமுக்க வேண்டும். இதையேதான் நாம் காலங்காலமாக பாத்ரூம் பக்கெட்டில் ராடு போட்டுச் செய்துவருகிறோம். என்ன, அதில் வெந்தது நாம்.

வீட்டில் இதை எப்படி ஆரம்பிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கரண்ட். அது 120 வோல்ட் கருவி. நம் வீட்டில் வருவது 230. நேராகச் செருகினால் கோழிக்கு முன்னால் கருவி வெந்துவிடும். அதற்காக ரிச்சி தெருவுக்குப் போய் 1500 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி, மவுண்ட் ரோடிலிருந்து மாங்காடு வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது நாள் முழுக்க முனகுகிறது. என் அம்மா, "வீட்டுக்குள்ள வண்டு வந்திருக்கு பாருடா" என்று விளக்குமாறோடு தேடினாள்.

அடுத்தது முட்டை. ஆரம்பிப்பவர்கள் முட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். 63 டிகிரியில் ஒரு மணி நேரம். உடைத்தால் மஞ்சள் கரு நெகிழ்ந்து கெட்டியாக இருக்கிறது, வெள்ளைக்கருவோ வழிந்து ஓடுகிறது. வெள்ளைக்கரு முழுதாக இறுக 80 டிகிரி வேண்டும் என்று மகன் விஞ்ஞானம் சொன்னான். அப்புறம் ஏன் 63? சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த எண்ணை எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அந்த அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான கண்ணப்பர் கறியை நெருப்பில்தான் வாட்டினார். வெந்ததா என்று பல்லில் கடித்துப் பார்த்தார், தெர்மாமீட்டர் செருகவில்லை.

அம்மாவின் ஆட்சேபம் வேறு மாதிரி. "நம்ம மாங்காடு காமாட்சிக்கே அஞ்சு நெருப்பு நடுவுல ஒத்தக்கால்ல நின்னாதான் பலன் கெடச்சுது. வெதுவெதுத் தண்ணியில என்னடா வேகும்?"

எனக்கு இருக்கிற பெரிய குறை, இதில் விசில் வராது. விசில்தான் நம் அளவு. துவரம்பருப்புக்கு மூன்று. கொண்டைக்கடலைக்கு ஆறு. ஊறவைக்க மறந்த கொண்டைக்கடலைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை. முற்றின ஆட்டுக்கு, "பார்த்துக்கலாம்". அந்தச் சமயத்தில் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி இருக்கும் என்பதே மகன் சொல்லித்தான் தெரியும். தெரியாமலே இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறோம். ரிடையர் ஆன நாளிலிருந்து எண்ணுகிற பதவி என்னுடையது. "குளிச்சிட்டு வரேன், அஞ்சு வந்தா நிறுத்துங்க" என்று மனைவி உள்ளே போய்விடுவாள். சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. முதல் விசில் ஒருபோதும் முழுதாக வராது. அரை மனதாக 'ஸ்ஸ்' என்று இழுத்து அடங்கிவிடும். அதைக் கணக்கில் சேர்ப்பதா? அம்மா சேர்ப்பாள், மனைவி சேர்க்க மாட்டாள், நான் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். இரண்டாவது வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் கேன்காரர் பெல் அடிப்பார். காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு விசில் கேட்கிறது. அது எங்களுடையதா, மாடி வீட்டினுடையதா? மாடி வீட்டு ஹாக்கின்ஸ் வெடுக்கென்று தும்மிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எங்கள் பழைய பிரெஸ்டிஜ் வெயிட்டை ஆட்டி ஆட்டி நீட்டி முழக்கும். இரண்டும் ஒன்றாக அடித்துவிட்டால்? காலை எட்டு மணிக்கு எங்கள் பிளாட்டில் எல்லா வீடும் ஒன்றாகத்தான் அடிக்கும். பாத்ரூமிலிருந்து, "எத்தனை ஆச்சு?" என்று குரல் வரும். "நாலு" என்பேன் உறுதியாக. "எனக்கு மூணுதானே கேட்டுச்சு?" என்பாள், ஷவருக்கு அடியில் நின்றுகொண்டு. இந்தியக் குடும்பங்கள் உடையாமல் இருப்பதற்குக் காரணம் அந்த நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விளக்கமாகச் சொல்ல வந்தேன், அதற்குள் கறிக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கருவி வாயே திறக்காது. வெந்ததும் போனில் செய்தி அனுப்புமாம். போன் அவன் பையில் போரூர் ஆபீசில் இருக்கிறது. என் சமையலறையில் கறி வெந்ததா என்று அறிய நான் போரூருக்குப் போன் போட வேண்டும். அவன் மீட்டிங்கில் இருப்பான்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஜார்ஜ் பிராலுஸ் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர். 1974இல் த்ருவாகுரோ உணவகத்தில் வாத்தின் கொழுத்த ஈரல் சமைக்கும்போது உருகிச் சுருங்கிப் போவதைத் தடுக்கப் பிளாஸ்டிக்கில் சுற்றி மெதுவாக வேகவைத்தார். அவர் கஷ்டம் அவருக்கு. நமக்கு என்ன வாத்து ஈரலா சுருங்குகிறது? நம் கஷ்டம் எலும்பு, சவ்வு, மசாலா. எலும்போடு வெட்டிய கறி பையைக் குத்துகிறது. உள்ளே கொஞ்சம் காற்று நின்றாலும் பை மிதக்கிறது; அதன் தலையில் அம்மிக் குழவியை ஏற்றிவைத்தோம். இஞ்சி பூண்டு விழுதோ 60 டிகிரியில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் பச்சை வாசனை போகாது. பச்சை வாசனை போகாததை நம் ஊரில் சமையல் என்று யார் சொல்வார்கள்? மசாலாவைத் தனியாக எண்ணெய் பிரிய வதக்கி, கடைசியில் கறியை அதில் போட்டுப் புரட்ட வேண்டுமாம். அதாவது முழுக்குழம்பும் வைத்த பிறகு, கூடவே ஒன்றரை நாள் வெந்நீர்.

கோழி நெஞ்சுக்கறி மட்டும் நன்றாக இருந்தது. சொல்ல மனமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 63 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் இருந்து, கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டியது, வெட்டினால் சாறு வடிந்தது. பிராய்லர் நெஞ்சுக்கறி தொண்டையில் அடைக்காமல் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். கொழுப்பில்லாத கறிக்கு இந்த வித்தை சரி. ஆட்டுக்கு ஆகாது.

அந்தத் தொடைக்கறி என்ன ஆயிற்று என்கிறீர்களா? ராத்திரி கரண்ட் போனது. கருவி இழுக்கிற ஆயிரம் வாட்டை இன்வெர்ட்டர் தாங்காது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த கறியில் கிருமி பெருகும், தொடவே கூடாது என்று காலையில் அவனே குப்பையில் கொட்டினான். அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரி. கிலோ என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது, கொட்டிவிட்டான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அட்டைப்பெட்டியோடு ஏதோ ஒன்று இருக்கிறது. என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. எங்கள் பரண் நிறைந்துவிட்டது. 1500 வாட் டிரான்ஸ்பார்மர் ஒன்று, நல்ல நிலையில், காசு வேண்டாம். மாங்காடு கோயிலுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது எடுத்துப்போகலாம். ஆட்டோவில் வாருங்கள்.