குட்டியானை மேல் ஒரு கூம்பு

மறைமலைநகரில் பகல் தூக்கம் என்பது இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவேளை. பதினொன்றுக்கு வெங்காயம், பன்னிரண்டரைக்குப் பூண்டு, இரண்டே காலுக்கு 'பழைய மிக்சி, பழைய கிரைண்டர், ஓடாத ஃபேன்', மூன்றரைக்கு உப்பு, கோலமாவு. இவர்களில் யாரைச் சொன்னாலும் எல்லோரையும் சொன்ன மாதிரிதான். எனவே வெங்காயக்காரரையே எடுத்துக்கொள்வோம்.

2005-ல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்று பேர் வைத்து இறக்கி, நம் ஜனங்கள் குட்டியானை என்று பேரை மாற்றிக்கொண்ட வண்டி. அதன் கூரையில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி. உள்ளே ஆம்ப்ளிஃபையர், அதில் செருகிய பென்டிரைவ். டிரைவர் சீட்டில் நம்மாள். டிவி விளம்பரம், பேப்பர் விளம்பரம், யூட்யூப் சேனல் எதுவும் அவருக்குக் கிடையாது. பெல் பட்டனை அழுத்தச் சொல்லி யாரையும் கெஞ்சுவதும் இல்லை. ரிச்சி தெருவில் கூம்பு வாங்கிய அன்றோடு அவருடைய விளம்பரச் செலவு முடிந்தது.

எழுத்து, இயக்கம், பின்னணிக் குரல், வெளியீடு எல்லாம் அவரே. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பேசிப் பதிந்தது:

"நாலு கிலோ நூறு, நாலு கிலோ நூறு! உரிச்சா கண்ணு எரியும், வெலையக் கேட்டா வயிறு குளிரும்! ஓடியாங்கம்மா, வண்டி கெளம்பப் போவுது!"

வண்டி எங்கேயும் கிளம்பாது. முக்கால் மணி நேரம் அதே வேப்பமரத்தடியில்தான் நிற்கும். அது தெரிந்தும் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு.

பதிவுக்கு நடுவே குக்கர் மூன்று விசில் விடும். முதல் விசிலுக்குத் தெருவில் நாலு பேராவது வாங்கின பையை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை அணைக்க வீட்டுக்குள் ஓடுவார்கள். அடுத்து, "அப்பா, ஜாமெட்ரி பாக்ஸ்..." என்று ஒரு பெண் குழந்தையின் குரல். அந்தக் குழந்தை இப்போது காலேஜில் சேர்ந்துவிட்டதாம். கூம்பில் மட்டும் இன்னும் ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை சுத்தமாக எடுக்கலாமென்று குக்கரும் குழந்தையும் இல்லாமல் புதுசாகப் பதிந்து போட்டுப் பார்த்தார். யாரோ புது ஆள் வந்திருக்கிறான் என்று தெருவில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. மறுநாளே பழைய குக்கர் திரும்பி வந்தது. லட்சக்கணக்கில் செலவழித்து மார்க்கெட் ரிசர்ச் செய்கிற கம்பெனிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கூம்பில் இத்தனை முழக்கம் போடுகிற மனிதர் நேரில் வாயே திறக்க மாட்டார்.

"தக்காளி என்ன வெலைண்ணா?"

ஆள்காட்டி விரலால் கூரையைக் காட்டுவார். கூம்பு அப்போது உருளைக்கிழங்கில் இருக்கும். சேனைக்கிழங்கு, குக்கர், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் தாண்டித் தக்காளிக்கு வருகிற வரை விலை கேட்ட அக்காவும் அவரும் மேலே பார்த்தபடி நிற்பார்கள்.

"கிலோ இருவது, கிலோ இருவது!"

"இருவதாண்ணா?"

"முப்பதும்மா. பென்டிரைவ் பழசு."

வண்டியில் இரண்டாவது குரல் ஒன்றும் உண்டு: க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் இருந்து பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி. அதற்கு ரகசியம் என்பதே தெரியாது. "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது அறிவித்ததும், மாடி வீட்டு மாமி வெறும் நாற்பதுக்குத்தான் வாங்கினாள் என்பது தெருமுனை வரை போய்விடும். அடுத்து வருகிறவர் கௌரவத்துக்காகவாவது நூறுக்கு வாங்குவார். இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால் அதற்கும் கூரையைத்தான் காட்டுவார்.

நம்மாள் ஒருகாலத்தில் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினவர். காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவர். இந்த ஊரின் கணக்கு அப்படி. உலகமெல்லாம் விளம்பரம் செய்கிற ஃபோர்டு கம்பெனியே 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையில் கடைசி வண்டியை இறக்கியது. திரும்பி வருவதாகவும் சொல்லியிருக்கிறது; வரட்டும். இடைப்பட்ட காலத்தில் வெங்காய வண்டி ஞாயிற்றுக்கிழமைகூட நின்றதில்லை. விடிவதற்கு முன்பே கோயம்பேடு, ஒன்பதுக்குள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி ஊர். 2021 மே முழு ஊரடங்கில் அரசாங்கமே காய்கறியை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பியது. அப்போது நம்மாளுக்கு வந்த பெருமிதம் இன்னும் வடியவில்லை.

ஆப்பில் ஆர்டர் போட்டால் வருகிற பையன் 'என்.எச். 2' என்ற முகவரியைப் பார்த்துவிட்டுத் தேசிய நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு போன் போடுவான். அது நகரை வடிவமைத்தவர்கள் குடியிருப்புப் பகுதிகளுக்கு வைத்த எண் என்று அவனுக்கு விளக்குவதற்குள் கீரை வாடிவிடும். நம்மாளுக்கு வரைபடம் வேண்டாம். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் சம்பளம் ஏழாம் தேதி, எந்த வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை எல்லாம் மனப்பாடம்.

இந்த ஊருக்குப் பேர் கொடுத்தவரும் ஒரு வகையில் இவருடைய முன்னோடிதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் நிலையான தமிழாசிரியர் வேலையை 1911-ல் விட்டு வந்தவர் மறைமலையடிகள். அதற்கு முன்பே, 1902-ல், 'ஞானசாகரம்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியவர். பிறகு பல்லாவரத்தில் சொந்த அச்சுக்கூடமும் வைத்துத் தம் நூல்களைத் தாமே அச்சிட்டார். எவனுடைய தயவும் வேண்டாம் என்ற அந்தப் பிடிவாதம் இரண்டு பேருக்கும் பொது. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளார் இப்போது இந்தத் தெருவில் நின்று "ஃப்ரெஷ் ஃப்ரெஷ்" என்று கூம்பு கத்துவதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

தொல்லை இல்லையென்று சொல்லமாட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் வரைதான் அனுமதி. கூம்பு அந்தக் கணக்கைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் நாற்சந்தியில் வெங்காயமும் பழைய சாமானும் எதிரெதிரே வந்து நின்றன. இரண்டு பேரும் கூம்பைக் குறைக்கவில்லை. "நாலு கிலோ... ஓடாத ஃபேன்... உரிச்சா கண்ணு... எடைக்குப் பணம்... ஓடியாங்கம்மா..." என்று கேட்ட எதிர்வீட்டுத் தாத்தா ஓடாத ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து வெங்காயக்காரரிடம் நீட்டினார். ஃபேனை வாங்கிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்து, வந்த காசுக்குத் தாத்தாவின் கையில் வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தார் நம்மாள். இதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

என்.எச். 2 வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்குப் போகும்போது மறக்காமல் பை எடுத்துக்கொண்டு போங்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. கூம்பு எல்லாவற்றையும் சொல்லும், இதை மட்டும் சொல்லாது.