தார் மாமா

கிள்ளைக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போகிற கூட்டமெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விளக்கவுரை உண்டு. உரையாசிரியர் தார் மாமா.

மாமா ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். டம்ளரை ஊதிக்கொண்டே, "மூணு கதவு. டீசலு. டயர மாத்திருக்கான், கம்பெனி டயருக்கு இந்தச் சத்தம் வராது" என்பார். நாங்கள் திரும்பிப் பார்ப்போம். சரியாகவே இருக்கும். ஐந்து கதவு வண்டி வந்தால் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். வண்டி தெருமுனை திரும்பியதும் ஒரு பெருமூச்சு. "ராக்ஸு."

2020 அக்டோபரில் புதிய மூன்று கதவுத் தார் வண்டி வந்தபோதே வாங்குவதாகத்தான் இருந்தார். அடுத்து ஐந்து கதவு வருமாமே, கொஞ்சம் பொறுப்போமே என்று நாலு வருஷம் பொறுத்தார். 2024 ஆகஸ்ட் 15 அன்று தார் ராக்ஸ் வந்தேவிட்டது. அன்று தொடங்கியது ஒப்பீடு. அக்டோபர் 3ஆம் தேதி முன்பதிவு திறந்த ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் மாமா டீக்கடையில்தான் இருந்தார். "அவசரக்காரனுங்க" என்றார்.

பணம் இல்லாத ஆள் இல்லை. இறால் குட்டை நாலு இருக்கிறது. ஆனால் ஒன்றை வாங்கிவிட்டால் இன்னொன்றின் நியாயத்தை யார் பேசுவது? அந்தப் பொறுப்பு அவரைத் தடுக்கிறது என்பது என் கணிப்பு.

கணக்கெல்லாம் அவருக்கு விரல்நுனி. மூன்று கதவு 2.2 லிட்டர் டீசலுக்கு 130 குதிரை, அதே 2.2 லிட்டர், ராக்ஸில் 172 வரை. தாரின் நீளம் நாலு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு; ராக்ஸ் நாலரை மீட்டரை எட்டிப் பார்க்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி அதில் 2450 மில்லிமீட்டர், இதில் 2850. நடுவிலிருக்கும் இந்த 40 சென்டிமீட்டரில்தான் மாமா குடியிருக்கிறார்.

அதை விளக்க ஒருநாள் காலி டம்ளரைப் படுக்கப் போட்டார். அது குட்டைக் கரை. ஒரு பொறையை எடுத்து அதன் மேல் ஏற்றி இறக்கினார். அது தார். "பாரு, வயிறு தட்டல." அடுத்து நீளமான ரஸ்க் ஒன்றை ஏற்றினார். அது ராக்ஸ். நட்டநடுவில் உட்கார்ந்து சீசாப் பலகை மாதிரி ஆடியது. "இது நடுவுல குந்திக்கும். ஆனா ஒண்ணு, பைபாஸ்ல நூறுல போவும்போது குதிக்காது, அலையாது..." என்று அவர் ராக்ஸின் பெருமையைத் தொடங்குவதற்குள், பக்கத்தில் இருந்த முடசல்ஓடை மீன் ஏலக்காரர் ராக்ஸை எடுத்து டீயில் தோய்த்துவிட்டார். அன்றைய ஒப்பீடு தாருக்குச் சாதகமாக முடிந்தது.

இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற வகை உண்டு. ராக்ஸில் அது டீசலில் மட்டும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் அதைத் தொடக் கூடாது. வளைவில் முன் சக்கரம் போகிற தூரம் வேறு, பின் சக்கரம் போகிற தூரம் வேறு. பரம்படிக்கும்போது உள்மாடும் வெளிமாடும் ஒரே நடை நடந்தால் நுகத்தடி என்ன ஆகும்? அதேதான். சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, உள்ளேயிருக்கும் பல்சக்கரங்கள் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். மாமா இதை எங்களுக்கு எட்டு முறை சொல்லியிருக்கிறார். விளைவு, தார் என்று பெயர் வைத்த வண்டியின் விசேஷக் கம்பியைத் தாரில் தொட வழியில்லை. சிதம்பரத்தில் மாமாவின் சகலை தார் வைத்திருக்கிறார். அந்தக் குட்டிக் கம்பியில் மல்லிகைப்பூப் பொட்டலத்தை மாட்டி வைத்திருப்பதை நானே பார்த்தேன்.

இந்த ஒப்பீட்டு நோய் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பான்காரன் செய்கிற சுபாருவில் எஸ்டிஐ, டபிள்யூஆர்எக்ஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு உண்டு. கம்பியெல்லாம் தள்ள வேண்டியதில்லை, எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கும். அமெரிக்காவில் விற்ற 2015 மாடலில் தம்பிக்கு 268 குதிரை, அண்ணனுக்கு 305. முதுகில் பெரிய இறக்கை வேறு. அந்த 37 குதிரைக்காகத் தனியாகக் காசு கொடுக்கலாமா கூடாதா என்று உலகமெங்கும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். 2021 மாடலோடு அண்ணனையே நிறுத்திவிட்டார்கள். சண்டை மட்டும் நிற்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மாமாவின் தங்கை மகன் இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, அங்கே கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச் சீட்டுக்கே பத்து வருஷம்தான் ஆயுசு என்றான். மாமா பதறிப்போனார். "பத்து வருசமா? அதுக்குள்ள நான் முடிவே எடுத்திருக்க மாட்டனே!"

வரி குறைந்தால் வாங்கிவிடுவேன் என்று ஒருகாலத்தில் சத்தியம் செய்திருந்தார். 2025 செப்டம்பர் 22இல் குறைந்தது. நாலு மீட்டருக்குள், ஒன்றரை லிட்டர் டீசலில், பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற தாருக்கு 18 சதவீதம், 2.2 லிட்டரில் நாலும் இழுப்பதற்கு 40. ராக்ஸ் நாலு மீட்டரைத் தாண்டிவிட்டதால் எப்படி வாங்கினாலும் 40. மாமா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இரண்டாக இருந்த பிரச்சினை மூன்றாகிவிட்டது.

மழைக்காலத்தில் ஆள் இன்னும் சுறுசுறுப்பு. இரண்டு வண்டியும் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கும். அது தன் முழங்காலுக்கு மேல் அரைச் சாண் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால், வேட்டியை மடித்துக்கட்டி நடுவில் போய் நின்று, "போலாம், போலாம்" என்பார். யார் போகலாம், எதில் போகலாம் என்பதெல்லாம் கிடையாது. அவர் வந்தது வழக்கம்போல டிவிஎஸ் எக்ஸ்எல்லில்.

சொந்தமாக வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு நாள் பார்த்தார். புவனகிரியில் ஒரு கல்யாணத்துக்குச் சகலையின் மூன்று கதவுத் தாரை இரவல் வாங்கினார். பின் இருக்கைக்குத் தனிக் கதவு இல்லை. முன் இருக்கையை மடக்கி, அந்த இடுக்கில் புகுந்து ஏற வேண்டும். தன் மாமியாரை இரண்டு பேர் கீழிருந்து தாங்க, ஒருவர் உள்ளேயிருந்து இழுக்க, ஏற்றிவிட்டார்கள். மண்டபத்தில் இறக்கத்தான் முடியவில்லை. அட்சதை, சந்தனம், கல்கண்டு எல்லாம் வண்டிக்கே வந்தன. மூன்றாவது பந்தியில் இலையும் வந்தது. அன்று முழுக்க அத்தை பேசவில்லை. மறுநாள் மாமா கடைக்கு வந்து, "பின்சீட்டுல ஒருத்தரு எட்டு மணி நேரம் குந்தியிருந்தாங்க, முதுகு வலின்னு ஒரு வார்த்த சொல்லல" என்று அறிக்கை கொடுத்தார்.

'தாரமும் குருவும் தலைவிதி' என்பார்கள். அத்தை அதில் தாரையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு அது ரோடு போடுகிற தாரா, வாழைத்தாரா என்கிற அளவிலேயே அக்கறை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊருக்கு வருவார். வழியில் தர்காவில் அவருக்கு மரியாதை செய்வார்கள், ஊரே கூடும். அந்தக் கூட்டத்திலும் மாமா ஒரு ராக்ஸுக்குப் பின்னால் குனிந்து அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னார்: "சேத்துல எறங்கி பூமியையே தூக்கிட்டு வந்தவரு பல்லாக்குல வர்றாரு. உங்களுக்கு என்னாத்துக்கு நாலு சக்கரமும் சுத்தணும்?" மாமா நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அவருக்கும் நாலு காலுலயும் இழுவை இருந்துருக்கும்" என்றார்.

பிச்சாவரத்துக்குத் தாரிலும் ராக்ஸிலும் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழி கேட்பதாக இருந்தால் சிதம்பரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிள்ளைக் கடைத்தெருவில் கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, படகுத்துறை எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன மாதம் புதுச்சேரிக்காரர் ஒருவர் கேட்டார். அன்றைக்கு அவர் படகு ஏறவில்லை.