மெமரியைத் தீர்த்துக்கட்டுவது எப்படி?

முதலில் ஒரு டேபிள் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 17,50,176 வரி. சாத்தான்குளத்தில் ஓர் அண்ணாச்சி கேட்கிறார்: "நம்ம தாலுகாவுல மட்டும் எத்தன பேருன்னு எடுத்துச் சொல்லு தம்பி." டேபிள் அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம், தேர்தல் நேரம். டேட்டாபேஸிடம் கவுண்ட் கேட்டால் ஒற்றை எண் வந்து விழும். பிஹெச்பி தெரிந்தவருக்கு அது கௌரவக் குறைச்சல். கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

1. செலக்ட் ஸ்டார் போடுங்கள். எல்லா வரியும் வரட்டும், எல்லா ஃபீல்டும் வரட்டும், போட்டோவை வைத்திருக்கும் ப்ளாப் உட்பட. கோவில்பட்டிக்காரர், விளாத்திகுளத்துக்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து, ஸ்கிரிப்டுக்குள் ஓர் 'இஃப்' வைத்து வாசலோடு திருப்பி அனுப்புங்கள். 'வேர்' போட்டிருக்கலாமே என்று யாராவது கேட்டால், ஊர்ப் பேரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், ஆகவே வாதம் அத்தோடு முடியும்.

2. வந்ததை மொத்தமாக ஃபெட்ச்ஆல் செய்து ஒரே அர்ரேயில் கொட்டுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம். போட்டால் மனசு கலங்கும்: யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'சாத்தான்குளம்' என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 13 குறிகள், ஆக 39 பைட். பெயர், தகப்பனார் பெயர், ஊர் என மூன்று ஃபீல்டு இதே நீளம் என்றால் வரிக்கு 117. அதை 17,50,176ஆல் பெருக்கினால் 20 கோடி பைட்டைத் தாண்டும். பிஹெச்பி வழக்கமாகத் தருவது 128 எம்பி, அதாவது 13,42,17,728 பைட். இந்த 20 கோடியும் வெறும் எழுத்துக்கு மட்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒவ்வொரு வரிக்கும் பிஹெச்பி தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் இடம் தனி. போட்டோவைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

அப்புறம் அந்த அர்ரேயை இன்னொரு அர்ரேக்கு மாற்றுங்கள். அதை ஜேசனாக்குங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கட்டும்.

3. எரர் வந்ததும் படிக்காதீர்கள். போனில் சாய்வாக ஒரு படம் எடுங்கள், வரி எண் ஓரத்தில் வெட்டுப்பட வேண்டும். "அண்ணா எரர் வருது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். படித்தே தீருவேன் என்றால், அது சுட்டும் வரியை மட்டும் திருத்துங்கள். கடைசியாகச் சில பைட் கேட்டுக் கிடைக்காமல் போன பாவப்பட்ட வரி அது. மெமரியைத் தின்றது மேலே எங்கோ இருக்கும், அதன் பக்கம் போகவே வேண்டாம்.

4. மெமரி லிமிட்டை ஏற்றுங்கள். 256. 512. கடைசியில் -1, வரம்பே இல்லை. இப்போது பிஹெச்பி தடுக்காது, லினக்ஸ் தடுக்கும். மெமரி முழுக்கத் தீர்ந்ததும் அது தன் ஓஓஎம் கில்லரை அனுப்பும். அது பெரும்பாலும் அதிகம் தின்கிற ஆளைப் பார்த்துத்தான் அடிக்கும். டேட்டாபேஸும் அதே மெஷினில் இருந்து, உங்கள் ஸ்கிரிப்டைவிட அதிகம் தின்றிருந்தால் அடி விழுவது மைஎஸ்கியூஎல் தலையில். உங்கள் ஸ்கிரிப்ட் தப்பித்து, 'கனெக்‌ஷன் போச்சு' என்று வேறோர் எரரைக் காட்டும். மெமரி எரர் தீர்ந்துவிட்டது. டீ சொல்லுங்கள்.

5. யாரோ விவரம் தெரிந்தவர், "வரி வரியா எடுடே" என்பார். உடனே வைல் லூப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். முதல் வரி உங்கள் கைக்கு வருவதற்குள் டிரைவர் மொத்த ரிசல்ட்டையும் இந்தப் பக்கம் இறக்கிவிட்டிருக்கும். மைஎஸ்கியூஎல்லோடு பிஹெச்பியின் இயல்பு வழக்கம் அது, பெயர் பஃபர்டு. முத்துக்குளிக்கப் போனவர்கள் கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு மூச்சுக்கு எவ்வளவு சிப்பி அகப்படுமோ அதை மட்டும் பையில் போட்டு ஏறினார்கள். நீங்கள் சிப்பிப் பாரையே பெயர்த்துத் தோணியில் ஏற்றுங்கள்.

பஃபரை நிறுத்தும் வசதி இருக்கிறதாமே என்று சந்தேகம் வந்தால், அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஆனால் லூப்புக்குள்ளேயே, அதே கனெக்‌ஷனில், ஓர் அப்டேட் ஓட்டுங்கள். முதல் குவெரியின் வரிகள் தீராமல் அது இரண்டாவதை ஏற்காது. புது எரர் வரும். இரண்டாவது கனெக்‌ஷன் திறந்தால் தீர்ந்துபோகும் விஷயம். திறக்காதீர்கள். "அன்பஃபர்டு வேலைக்காகாது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே வாருங்கள். பைத்தான்காரர்களும் சேரலாம்: சர்வர் பக்கக் கர்ஸர் என்று ஒன்று இருப்பதை மறந்தால் போதும்.

6. எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. அண்ணாச்சி அடுத்து மாவட்டம் முழுக்க எல்லாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்கிறார். லிமிட் 1000, ஆஃப்செட் 0. அப்புறம் ஆஃப்செட் 1000, 2000 என்று துண்டு துண்டாக எடுங்கள். 'ஸ்டேட்டஸ் 0' உள்ளவர்களை எடுத்து, அனுப்பியதும் 1 ஆக்குங்கள். முதல் ஆயிரம் பேர் பட்டியலை விட்டுப் போன பிறகு ஆஃப்செட் 1000 போட்டால், அனுப்பாத ஆயிரம் பேரைத் தாண்டித்தான் அடுத்த துண்டு தொடங்கும். இப்படியே போனால் கிட்டத்தட்டப் பாதி மாவட்டம் விட்டுப்போகும், சுமார் எட்டே முக்கால் லட்சம் பேர். ஓர் எரரும் வராது. கடைசி ஐடியைக் குறித்துவைத்து அதற்கு மேல் உள்ளதை எடுத்தால் ஒருவரும் விட்டுப்போக மாட்டார்கள், வேகமும் குறையாது. அப்படிச் செய்தால் நாளைக்கு உங்களுக்கு என்ன வேலை?

7. ரேம் வாங்குங்கள். 8 ஜிபியை 16 ஆக்குங்கள். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள்.

8. புது ரேம் போட்ட கையோடு க்ரானில் ஏற்றுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. முந்தையது முடிந்ததா என்று பார்க்கும் லாக் எதுவும் வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் ஒரே ஸ்கிரிப்டின் மூன்று பிரதிகள் 16 ஜிபியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு விழும். யார், எப்போது, எதைக் கொன்றது என்பதெல்லாம் கர்னல் மெசேஜில் தெளிவாகப் பதிவாகியிருக்கும். அதைத் திறப்பதற்குள் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, "இப்ப சரியாயிட்டு" என்று குரூப்பில் போட்டுவிடுங்கள்.