வாளையார் தாண்டினால்…

கே: வாளையார் தாண்டியும் டீக்கடையில் தமிழ்தான் கேட்கிறது. எல்லாரும் பிழைக்க வந்தவர்களா? (வாசகர், மதுக்கரை)

ப: பாதிக் கதைதான் அது. 1956 அக்டோபர் 31 இரவு சென்னை மாநிலத்தில் படுத்த பாலக்காட்டுக்காரர், மறுநாள் கேரளத்தில் கண் விழித்தார். அதுவரை மலபார் மாவட்டமும் கோவையும் ஒரே மாநிலம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொச்சி சமஸ்தானம் என்றாலும் அங்கும் வீட்டில், வயலில் தமிழ்தான்.

கே: தேவிகுளம், பீர்மேடு நமக்கு ஏன் கிடைக்கவில்லை? (வாசகர், கம்பம்)

ப: நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் உயிர்களும் போயின. குமரியின் நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. தேயிலையும் ஏலமும் விளையும் மலை கேரளத்திலேயே நின்றது. தோட்டத் தொழிலாளி இன்று இருப்பார், நாளை போய்விடுவார் என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர் எங்கே போனார்?

கே: அவர்கள் குரல் வெளியே கேட்டதுண்டா? (வாசகி, மூணாறு)

ப: 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர் பாவலர் வரதராசனின் பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாக ஒலித்தது. 2015-இல் ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள், நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் தோட்ட நிர்வாகம் தரும் லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் சட்டி பானையோடு காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போய்விட்டார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் கேட்பது பேராசையா?

கே: ஈரானின் எல்லையில் வாழும் அரபிகள் நிலையும் இதுதானா? (வாசகர், குவைத்)

ப: குஸெஸ்தானைச் சொல்கிறீர்கள். முகமராவை ஆண்ட ஷேக் கஸலை 1925-இல் அன்றைய ஈரான் பிரதமர் ரெசா கான் பிடித்துக்கொண்டு போனார். ஊர்ப்பெயரும் கொரம்ஷஹர் ஆனது. எண்ணெய் அவர்கள் மண்ணில். பள்ளியில் பாடமொழியோ பாரசீகம். இங்கே தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசியலமைப்பின் 350ஏ பிரிவு வழி சொல்கிறது. அந்த வித்தியாசம் பெரிது.

கே: அப்படியானால் தாலுகா ஆபீஸில் தமிழில் மனு கொடுக்கலாமா? (வாசகி, சித்தூர்)

ப: தாராளமாக. தமிழர் மிகுந்த பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. முதல் மனுவே உங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தமிழாசிரியர் கேட்டு இருக்கட்டும்.