ஒரு வருஷம்தானே மாமா!

என் தங்கச்சி மகன் வாத்தியாராகப் போகிறானாம். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை, கை நிறையச் சம்பளம், ஏறி உட்கார்ந்தால் தானாகப் பேசும் கார். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் மீன்கறியைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ரொம்ப ஸ்ட்ரெஸ் மாமா. பேசாம தமிழ்ப்பள்ளிக்குப் போயிடலாம்னு இருக்கேன். டிகிரிதான் கையில இருக்கே. மேல ஒரு வருஷம்தானே! மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம் வீடு. ஸ்கூல் லீவு வேற."

தங்கச்சி பூரித்துப் போனாள். என் மனைவி அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். தமிழ்ப்பள்ளியிலேயே கிடந்து தேய்ந்து பென்ஷன் வாங்குகிற ஒருவன் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறானே, அவனை ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வால் துண்டு எனக்கு வந்தது.

அன்றிலிருந்து மனசே சரியில்லை. அவனிடம் சொல்லவேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன். அவன் படிக்கமாட்டான், மற்றவர்களுக்காவது உதவட்டும்.

அதற்கு முன் அந்த ஒன்றரை மணி. இந்த வதந்தியைக் கிளப்பியவர் யாரென்று தெரிந்தால் நான் ஒரு தடவை நேரில் பார்க்கவேண்டும். பிள்ளைகள் ஒன்றரைக்குப் போகிறார்கள், உண்மை. வேன் வராத பிள்ளை இரண்டே காலுக்குப் போகிறது. அதுவரை அதன் பையும் அழுகையும் நம் பொறுப்பு. பிறகு புறப்பாட நடவடிக்கை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம். வகுப்பறை மதிப்பீட்டைக் கணினியில் ஏற்றுவது, ஏற்றியது காணாமல் போனதும் மறுபடி ஏற்றுவது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் நாளைய பாடத் திட்டம், அதாவது ஆர்.பி.எச். அதை முடித்துத் தலை சாய்த்தால் புலனத்தில் ஒரு தாய்: "சார், என் மகன் தண்ணி போத்தல் என்ன கலரு?" அவர் வாங்கிக் கொடுத்த போத்தல். என்னைக் கேட்கிறார்.

இதெல்லாம் தெரிந்தும் நம் ஆட்கள் விடுவதில்லை. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். பேங்கில் டார்கெட் ஏற்றினால் வாத்தியார் வேலை. இன்சூரன்ஸ் ஓடவில்லையா, வாத்தியார் வேலை. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் கம்பெனி பெயரைக் கேட்டுப் பெண் வீட்டார் உதட்டைப் பிதுக்கினால், பையனின் அப்பா உடனே சொல்வார்: "இப்ப பிரைவேட்டுதான். ஆனா டீச்சிங் அப்ளை பண்ணியிருக்கான்." பையனுக்கே அப்போதுதான் தெரியும்.

மருமகனை மட்டும் சொல்லி என்ன? வேலை மாறி வாத்தியாராகும் குறுக்குவழியைத் தொடங்கி வைத்ததே எங்கள் தீம்பார்தான். 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் எஸ்டேட்டு நிர்வாகமே பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றன. துரைக்கு அதில் என்ன கஷ்டம்? ஆயாக் கொட்டகையில் ஒரு மூலை. வாத்தியாருக்கு எங்கே போவது என்றால், கிராணி இருக்கிறார், கங்காணி இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரிந்த பால்வெட்டுக்காரர் இருக்கிறார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, நிரையை வெட்டி முடித்து, பால் நிறுத்துக் கொடுத்த மனுஷன், கையைக் கழுவிக்கொண்டு வந்து 'அ' எழுதிப் போட்டார். பயிற்சிக் காலம், பால் கொட்டகையிலிருந்து ஆயாக் கொட்டகைவரை நடக்கும் நேரம். அமெரிக்காவில் 1990-இல் டீச் ஃபார் அமெரிக்கா தன் முதல் அணியைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது சில வாரம் பயிற்சி கொடுத்ததாம். வாரக்கணக்கில்! எங்கள் துரை கேட்டிருந்தால் வீண்செலவு என்றிருப்பார்.

1957-இல் சுதந்திரம் வந்தபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள், பெரும்பாலும் தோட்டத்தில். இன்று ஐந்நூற்றுச் சொச்சம். நெகிரி செம்பிலானில் 61. பல தோட்டங்கள் தாமானாகிவிட்டன, பிராட்வால், கிர்பி என்ற வெள்ளைக்காரப் பெயர்கள் மட்டும் பள்ளிப் பலகையில் இருக்கின்றன. குறுக்குவழிக்கும் சான்றிதழ் வந்தது. பட்டதாரிக்கு ஓராண்டு என்று கே.பி.எல்.ஐ. வந்தது. பிறகு டி.பி.எல்.ஐ. பிறகு பி.டி.பி.பி. ஆள் பழகுவதற்குள் எழுத்தை மாற்றிவிடுகிறார்கள். 2010-இல் டீச் ஃபார் மலேசியா தொடங்கி, 2012-இல் முதல் அணியை இரண்டாண்டுக்குப் பள்ளிகளில் விட்டது. 2021 ஜூலையில் கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர்களை ஒரே மூச்சில் எடுப்பதாக அறிவித்தபோது, கல்வியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. அவர்களுக்கு முதலில் ஒப்பந்தம், வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா. இந்தப் பக்கம் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, சிரம்பான் ராஜா மெலேவார் போன்ற ஆசிரியர் கல்விக் கழக வளாகத்தில் ஐந்தாண்டு கிடந்து வெளியே வருகிறது. வந்து பார்த்தால் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் என் மருமகன், காலை ஆட்டிக்கொண்டு.

இப்படி வந்தவர்களில் தங்கமானவர்கள் உண்டு, மறுக்கவில்லை. என்னைவிட நன்றாகப் பின்னம் சொல்லிக்கொடுத்த ஒரு பேங்குக்காரரோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர் ஓய்வெடுக்க வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் வெட்டக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு மண்டோர் இளம் மரத்தைக் கொடுத்ததே கிடையாது. விழப்போகிற கிழட்டு மரத்தைக் காட்டி, "இதுல வெட்டிப் பழகு" என்பார். பின்னாலேயே நிற்பார். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறோம்? புதிதாக வந்தவரைப் பிடித்து நேரே முதலாம் ஆண்டில் விடுகிறோம். "சின்னப் புள்ளைங்கதானே சார், சமாளிச்சிடுவாரு."

முதலாம் ஆண்டு என்றதும் பென்சில் ஞாபகம் வருகிறது. பென்சிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஒருவர் வந்தார். முன்பு கட்டுமானக் கம்பெனியில் திட்ட மேலாளர், இருபது மாடிக் கட்டடத்தைத் தேதி தவறாமல் முடித்துக் கொடுத்தவர். பலகையில் 'ஆடு' என்று எழுதத் தொடங்கினார். "சார், முனை உடைஞ்சிருச்சு." போய்ச் சீவிக்கொண்டு வா என்றார். குடி முழுகியது அங்கேதான். குப்பைத்தொட்டி வாசலோரம் இருக்கிறது. ஒரு பிள்ளை அதை நோக்கி எழுந்து நடந்தால், மற்ற பிள்ளைகளின் முனைகள் தாமாகவே உடையும். உடையாதவை மேசையில் அழுத்தி உடைக்கப்படும். இரண்டு நிமிஷத்தில் தொட்டியைச் சுற்றி ஒரு மாநாடு. ஷார்ப்னர் ஒருவனிடம்தான் இருக்கும். அன்றைக்கு அவன்தான் மந்திரி பெசார். யாருக்கு முதலில், யாருக்கு இல்லவே இல்லை என்பதை அவன் தீர்மானிப்பான். போன வாரம் மிட்டாய் தராதவள் கடைசி.

சீவுவதிலும் பல சாதி. அடுத்தவள் முனை கூராக இருக்கிறது என்று மறுபடி சீவுகிறவள். ஒரு முனை போதாது என்று அடிப்பக்கத்தையும் சீவி இரட்டை முனையோடு வருகிறவன். உள்ளே ஈயம் உடைந்த பென்சில் என்று ஒன்று உண்டு. சீவச் சீவ முனை வெளியே வந்து விழும், காலையில் சாண் நீளம் இருந்தது இடைவேளைக்குள் கட்டைவிரல் அளவாகும், அதைப் பிடிக்க முடியாமல் பிள்ளை அழும். சீவியது சுருளாக வந்தால் அதைத் தூக்கிப் போட மனம் வராது, அது பூ. பூவைப் புத்தகத்தில் வைப்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் நம் மடியில் கொட்டும்.

அப்புறம் வழக்கு. இரண்டு பேர், ஒரே பென்சில், ஒரே கடை, ஒரே நிறம். மேலாளர் சாட்சி விசாரித்தார். வகுப்பே எழுந்து சாட்சி சொன்னது, இரண்டு பக்கமும். பழகியவர்களானால் பென்சிலின் பின்பக்கத்தைப் பார்ப்போம். பல் தடம் இருக்கும். முன்பல் விழுந்தவன் கடித்திருந்தால் நடுவில் இடைவெளி தெரியும். வழக்கு முடிந்தது, அடுத்த ஆள். இதை எந்த டிப்ளோமாவில் சொல்லித் தருகிறார்கள்? பியாஜே உண்டு, புளூம் உண்டு. வைகாட்ஸ்கி, பிள்ளையின் வளர்ச்சிக்கு அண்மை மண்டலம் ஒன்று இருக்கிறது என்றார். முதலாம் ஆண்டில் அது குப்பைத்தொட்டியைச் சுற்றித்தான் இருக்கிறது.

கங்காணி வாத்தியாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்போது சிலேட்டு. பலப்பத்தின் முனை உடைந்தால் தின்றுவிடுவார்கள்.

மருமகனிடம் சொன்னால், "பேட்டரியில ஓடுற மெஷின் ஒன்னு வாங்கி வச்சிடலாம் மாமா" என்பான். வாங்கி வைத்தார் ஒருவர், சொந்தக் காசில். முதல் நாள் அதில் கிரேயானை விட்டார்கள். இரண்டாம் நாள் சுண்டுவிரல் போகுமா என்று ஆராய்ந்தார்கள். மூன்றாம் நாள் அது தலைமையாசிரியர் அறையில், பூட்டிய அலமாரியில். அதையும் விடுங்கள், இருபது மாடி கட்டியவருக்கு அன்றைக்கு 'ஆடு' முடியவில்லை. மணி அடிக்கும்போது 'ஆ' வரைக்கும்தான் வந்திருந்தது.

எதற்காக இதைச் சொல்ல வந்தேன்? ஆமாம், அந்த ஒரு விஷயம். சொல்லிவிடுகிறேன். ஆனால் நேற்று தங்கச்சி போன் போட்டாள். "அண்ணே, ஆன்லைன்ல ஃபாரம் நிரப்பிட்டான். உங்க பேரையும் குடுத்திருக்கான். யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டா நல்லவிதமா சொல்லுங்க." கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டுச் சொல்கிறாள்.

கூப்பிடட்டும். பையன் நல்லவன், பொய் சொல்லமாட்டான், நேரத்துக்கு வருவான் என்பேன். பென்சில் பிரச்சினையைச் சமாளிப்பானா என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. ஷார்ப்னரிலும் நல்லது என்று ஒன்று இருக்கிறது, முழுசாக இரும்பு, பாசார் மாலாமில் கிடைக்கவே கிடைக்காது. அதைப் பற்றி எழுத இன்னும் இரண்டு பக்கம் வேண்டும். பத்திரிகை ஆசிரியர் தரமாட்டார். அவரும் முன்பு வேறு ஏதோ வேலையில் இருந்தவர்தானாம்.